இழுவை

முதல் நாள் அது ஒரு சின்னத் தயக்கம் போலத்தான் இருந்தது. குந்தாரப்பள்ளியில் வீட்டை விட்டுக் கிளம்பி, கிருஷ்ணகிரி பக்கம் போகும் சர்வீஸ் ரோட்டில், காலை வெயில் கண்ணாடியில் படத் தொடங்கியிருந்த நேரத்தில், மேடும் பள்ளமும் இல்லாமல் தட்டையாகக் கிடந்த சாலையில், ஆஞ்சப்பன் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க எஞ்சின் சத்தம் மட்டும் ஏறிக்கொண்டே போனது. வேகமுள் எழுபதிலிருந்து ஐம்பதுக்கும், ஐம்பதிலிருந்து முப்பதுக்கும் இறங்கியது. பிரேக் பிடித்தது போல இல்லை. பக்கத்து சீட்டில் இருந்த நிர்மலாவுக்கு வேறு மாதிரி தோன்றியது. சந்தைக் கூட்டத்தில் யாரோ பின்னாலிருந்து முந்தானையைப் பிடித்துக்கொண்டால் நடை எப்படித் தடைபடுமோ, அப்படி. அரை நிமிடம் இருக்கும். பிறகு பிடி விட்டது. வண்டி முன்னால் பாய, அவள் தலை சீட்டில் மோதியது.

"டீசல்ல தண்ணி கலந்துட்டானுங்க," என்றான் ஆஞ்சப்பன்.

அவன் சத்தமாகத்தான் பேசுவான். பர்கூர் பக்கம் கருங்கல் குவாரியில் இருபது வருடமாகப் பாறை துளைக்கும் மெஷின் பிடித்ததில் இரண்டு காதும் பாதி போயிருந்தன. கோபமும் சீக்கிரம் வரும். ஆனால் இந்த வண்டியை அவன் வாங்கியதே அவளுக்காகத்தான். நிர்மலா போச்சம்பள்ளியில் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவு சூப்பர்வைசர். முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆகி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. கம்பெனி பஸ்ஸில் குலுங்கி வந்து ஒரு சாயங்காலம் வாசலிலேயே அவள் சரிந்து உட்கார்ந்ததைப் பார்த்தவன், அடுத்த வாரமே பேரிகையில் ஒரு புரோக்கரைப் பிடித்து, கர்நாடக நம்பர் போட்ட இந்தப் பழைய வெள்ளை எஸ்யூவியை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான். ஏழு சீட்டு. இவர்கள் மூன்றாவது ஓனர். "நீ படுத்துக்கிட்டே வேலைக்குப் போலாம் புள்ள," என்று பின்சீட்டை மடக்கிக் காட்டியபோது, கல்யாணமான புதிதில் பார்த்த சிரிப்பு அவன் முகத்தில் இருந்தது.

அடுத்த நாளும் வண்டி இழுக்கவில்லை. அதற்கடுத்த நாள் இரண்டு தரம். ஒவ்வொரு தரமும் ஒரு வாசனை வந்தது. கறிக்கடை வாசலில் ஆட்டுத்தலையை நெருப்பில் வாட்டும்போது முடி பொசுங்கி ஒரு வாசனை எழும்புமே, அது. கிளட்ச் தேய்கிறது என்றான் அவன். தேயும் கிளட்சின் வாசனை அவளுக்குத் தெரியும். அது இல்லை இது. அதோடு ஒரு சத்தமும் இருந்தது. எஞ்சின் இரைச்சலுக்கு அடியில், டயர் ஓடும் ஓசைக்கும் அடியில், ஈரத்துணி மூட்டையைச் சிமெண்ட் தரையில் இழுத்துக்கொண்டு போவது போல, விடாமல், நிதானமாக. ஆஞ்சப்பனின் காதுக்கு அது எட்டவில்லை. "என்னா சத்தம்? எனக்கு ஒண்ணும் கேக்கலியே," என்றான்.  கால்களைத் தரையிலிருந்து தூக்கி, சீட்டின் விளிம்பில் மடக்கி வைத்துக்கொண்டாள்.

ஒன்பதாம் நாள் ஓசூரில் டாக்டரிடம் முதுகைக் காட்டப் போனார்கள். சூளகிரி மேட்டில், மூன்று வரிசைச் சாலையின் நடு வரிசையில், பின்னால் இரும்புச் சுருள் ஏற்றிய லாரி வந்துகொண்டிருந்தபோது வண்டி இழுவையை விட்டது. எண்பதிலிருந்து பத்து. எஞ்சின் அலறியது. லாரியின் ஹாரன் நின்று நிதானிக்காமல் ஒரே மூச்சில் நெருங்கி வந்தது. பின்கண்ணாடி முழுவதும் லாரியின் முகம் நிறைந்தது. டயர்கள் தார் மேல் கிழிபடும் ஓசை, ரப்பர் புகை, பிறகு ஒரு இடி. பின்கண்ணாடி உப்புக்கல்லாக உதிர்ந்து, பின்சீட்டில் சாய்ந்திருந்த அவள் கழுத்துக்குள் விழுந்தது. அவ்வளவோடு லாரி நின்றுவிட்டது. ஒரு கையகலம் தாண்டியிருந்தால் அவள் முதுகுத்தண்டு அந்த சீட்டோடு மடிந்திருக்கும்.

லாரி டிரைவர் இறங்கி வந்து கத்தினான். நரைத்த தாடி, அறுபதை நெருங்கிய ஆள். ஆஞ்சப்பன் கதவைத் திறந்து நடந்து போய், அந்த ஆளின் வாயில் குத்தினான். அந்த ஆள் பம்பரில் சாய்ந்த பிறகும் குத்தினான். கல் உடைக்கிற தாளம் அதில் இருந்தது. கையை ஓங்கி, மூச்சை நிறுத்தி, இறக்கி, மறுபடி ஓங்கி. நாலு பேர் ஓடிவந்து பிடிக்கும்போது அந்த ஆளின் கீழுதடு இரண்டாகத் தொங்கியது.

திரும்பி வந்து ஸ்டியரிங்கைப் பிடித்தவனின் விரல் முட்டியில் ஒரு பல் பதிந்திருந்தது. அவன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "நான் என்னாத்துக்குப் புள்ள அந்தாள அடிச்சேன்?" என்றான். நிஜமாகவே கேட்டான்.  சாவியைத் திருப்பியதும் வண்டி புதுசு போல, பாரமே இல்லாதது போல, மேட்டில் ஏறியது.

பின்கண்ணாடி மாற்றிய கையோடு ஊரிலேயே ஜமீர் அகமதுவின் பட்டறையில் விட்டார்கள். ஜமீர் பாய் அந்த வட்டாரத்தில் டீசல் வண்டிகளுக்குப் பேர் போன மெக்கானிக். அதிகம் பேசாத மனுஷன். டீசல் ஃபில்டரை மாற்றினார். டர்போவுக்குப் போகும் ஹோஸ்களைத் தடவித் தடவிப் பார்த்தார். ஸ்கேனரைச் செருகிக்கொண்டு, நிர்மலாவையும் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போய் வந்தார். இறங்கியவர் ஸ்கேனர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எஞ்சின்ல ஒரு குத்தமும் இல்லம்மா. அது முழுசாத்தான் இழுக்குது. ஆனா லோடு காட்டுது பாருங்க. கல்லு ஏத்தின டிராக்டரக் கயிறு கட்டி இழுக்கற லோடு. நாம ரெண்டு பேருதான போனோம்?"

"நாம ரெண்டு பேருதான் பாய்."

அவர் ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கி, விளக்கை எடுத்துக்கொண்டு கீழே போனார்.  பிறகு கத்தியால் எதையோ அறுக்கும் ஓசை வந்தது. ஆஞ்சப்பன் டீ வாங்கப் போயிருந்தான். நிர்மலா குனிய முடியாமல் நின்ற இடத்திலேயே காத்திருந்தாள். ஜமீர் பாய் முழங்கையால் தவழ்ந்து வெளியே வந்தபோது அவர் கையில் கிரீஸ் ஊறிய ஒரு உருண்டை இருந்தது, தேங்காய் அளவுக்கு. பின்சக்கரத்துக்குப் போகும் சாஃப்டில் இறுக்கமாகச் சுற்றிக் கிடந்ததாம். பழைய காகிதத்தில் அதை வைத்து, ஸ்க்ரூ டிரைவரால் பிரித்தார்.

பச்சை நிறத்தில் சேலைத் துணி. அதற்குள் முடி. நீளமான கறுப்பு முடி, முழம் கணக்கில். அதைப் பிரித்தால் உள்ளே நரைமுடி. அதற்கும் உள்ளே கட்டையான, சுருட்டையான இன்னொரு தினுசு. அடியில் தோல் போல ஏதோ.

"ஒரு ஆளோட முடி இல்லம்மா இது," என்றார் ஜமீர் பாய். 

டீ வாளியோடு வந்த ஆஞ்சப்பன் குனிந்து பார்த்தான். "நாய் மாட்டியிருக்கும் பாய்."

"நாய் சேலை கட்டுமாண்ணே?"

 ஜமீர் பாய் காகிதத்தை மடித்து அவர்கள் பக்கம் நகர்த்தினார். கைகளை மண்ணெண்ணெயில் கழுவினார், சோப்புப் போட்டுக் கழுவினார், மறுபடி மண்ணெண்ணெயில் கழுவினார். "எடுத்துட்டுப் போயிடுங்க. எனக்குப் பிள்ளைங்க இருக்குது. இனிமே இந்த வண்டியக் கொண்டு வராதீங்க."

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பொட்டலத்தைப் போலீஸில் கொடுத்துவிடலாம் என்றாள் நிர்மலா.

"கொடுத்தா மொதல்ல நம்மளத்தான் உக்கார வெப்பாங்க. ஆர்.சி. புக்கு இன்னும் பழைய பேர்லயே கெடக்குது. விடியட்டும். அந்தப் புரோக்கர் மூஞ்சியிலயே வண்டியக் கொண்டு போயி நிறுத்தறேன்."

அவன் தூங்கிய பிறகு அவள் டேஷ்போர்டில் கிடந்த சர்வீஸ் புத்தகத்தை எடுத்து வந்து புரட்டினாள். கடைசிப் பக்கத்தில் பேனாவால் 'ரூபா, ஓசூர்' என்று எழுதி ஒரு நம்பர் இருந்தது. கூப்பிட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. 'இந்த வண்டி இப்ப எங்ககிட்ட இருக்கு. இழுக்க மாட்டேங்குது. உங்களுக்கும் இப்படி இருந்துச்சா?' என்று அனுப்பி வைத்தாள். படித்துவிட்டதற்கான இரண்டு நீலக் கோடுகள் உடனே வந்தன. பதில் வரவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மதியச் சாப்பாடு முடிந்ததும் ஆஞ்சப்பன் குவாரியிலிருந்து எடுத்து வந்த துளைக்கம்பி ஒன்றை, மூன்றடி நீளம் இருக்கும், சீட்டுக்கு அடியில் செருகினான். நிர்மலா அதைப் பார்த்தாள். சூளகிரி மேட்டில் தொங்கிய அந்தக் கீழுதட்டை நினைத்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டு அவளும் ஏறிக்கொண்டாள்.

"நீ எதுக்கு? முதுகு வலின்னு சொல்லுவ."

"நான் வரலைன்னா நீ அந்தாள் மண்டையப் பொளந்துடுவ மாமா."

சூளகிரியில் பெரிய ரோட்டை விட்டுப் பேரிகை ரோட்டில் திரும்பினார்கள். வெயில் வெள்ளையாக அடித்தது. இரண்டு பக்கமும் ரோஜா வளர்க்கும் கிரீன் ஹவுஸ்கள், பிளாஸ்டிக் கூரைகள் கண்ணைக் கூச வைத்தன. அவை முடிந்ததும் தைல மரத் தோப்பு, பிறகு ஆள் நடமாட்டமே இல்லாத பாறைக் கரடு. அந்தச் சத்தம் சூளகிரியிலிருந்தே கூட வந்தது. இப்போது அது ஒரு மூட்டையின் சத்தமாக இல்லை. இரண்டு, மூன்று. ஒன்றோடொன்று மோதிக்கொண்டு, பள்ளத்தில் எகிறி விழுந்துகொண்டு. நிர்மலா ரேடியோவைச் சத்தமாக வைத்தாள். ரேடியோவுக்கு மேலே கேட்டது.

தோப்பு முடியும் இடத்தில் எஞ்சின் ஒருமுறை வீறிட்டது. வண்டி இழுத்துக்கொண்டு பத்தடி ஊர்ந்தது. நின்றது.

பொசுங்கிய வாசனை ஜன்னல் வழியாக உள்ளே வந்து நிறைந்தது.

ஆஞ்சப்பன் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் அடித்தான். இறங்கி, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்தான். ஹேண்ட் பிரேக்கைப் பிடுங்கிவிடுவது போல இழுத்து வைத்தான். மெஷினைப் பிரிப்பவன் சாவியை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும் என்பது குவாரிப் பழக்கம். சாவியை உருவி அவளிடம் கொடுத்தான்.

"நானே பாக்கறேன். இன்னும் எவன் முடி சுத்தியிருக்குதுன்னு."

"வேணாம் மாமா. பஸ்ஸு வரும். ஏறிப் போயிடலாம். வண்டி இங்கயே கெடக்கட்டும்."

"போய் நெழல்ல நில்லு."

"மாமா—"

"நில்லுன்றன் இல்ல!"

அவள் போய் நின்றாள். இருபதடி தள்ளி, ஒரு தைல மரத்தின் நைந்த நிழலில். அவன் பின்பக்கமாக மல்லாந்து படுத்து, தலையை உள்ளே விட்டு, தோளை அசைத்து அசைத்து வண்டிக்கு அடியில் போனான். முழங்காலுக்குக் கீழே மட்டும் வெளியே தெரிந்தது. காக்கி பேன்ட். தேய்ந்த ரப்பர் செருப்பு. ஒரு குதிகாலில் வெடிப்பு. நேற்று ராத்திரி அவள்தான் அதில் வாசலின் தடவியிருந்தாள்.

கையில் இருந்த போனில் ரூபாவின் நம்பரை மறுபடி அழுத்தினாள். செய்வதற்கு வேறொன்றும் இல்லை. நான்காவது மணியில் எடுக்கப்பட்டது.

"மெசேஜ் பாத்தேங்கா," என்றது ஒரு பெண் குரல். இளம் குரல்தான், ஆனால் களைத்திருந்தது. "பாத்துட்டு நம்பர பிளாக் பண்ணிடலாம்னு இருந்தேன். ராத்திரி பூரா தூங்கல."

"நீங்கதான் ரூபாவா? வண்டி—"

"இழுக்காது. எங்களுக்கும் இழுக்கல. மூணு மெக்கானிக் பாத்தாங்க. ஒண்ணுமில்லைன்னுட்டாங்க. நான் விக்கலக்கா அந்த வண்டிய. கேஸு முடிஞ்சு கோர்ட்டுல விட்டதும் கொழுந்தன் எடுத்துட்டுப் போயி வித்துட்டான். எரிச்சிடுன்னு சொன்னேன். கால்ல விழுந்து சொன்னேன்."

"என்ன கேஸு?"

 தோப்பில் காற்று இல்லை. இலைகள் அசையவில்லை. ஆஞ்சப்பன் ஸ்பானரால் எதையோ தட்டினான், டங், டங்.

"எங்க வீட்டுக்காரரு தானே பாக்கறேன்னு கீழ பூந்தாரு. எங்க வீட்டு காம்பவுண்டுக்குள்ளதாங்கா வண்டி நின்னுச்சு. கேட்டு பூட்டியிருந்தது. சாவி என் இடுப்புல. நான் துணி காயப்போட்டுட்டிருந்தேன். ஒரு சத்தம் கேட்டுச்சு. ஹைவே ஓரமா நின்னா கேக்குமில்ல, அந்தச் சத்தம். எங்க தெருவுல ஏது ஹைவே?"

டங். டங்.

"திரும்பிப் பாத்தேன். வண்டி ஒரு அங்குலம் நகரல. அவரு கால் மட்டும் தரையில அடிச்சுக்குது. அவரு கத்தறாரு. நான் அப்படியே நின்னுட்டேங்கா. ஈரத்துணியக் கையில புடிச்சிட்டு நின்னுட்டேன். முடிஞ்சு போச்சு."

டங்.

"போஸ்ட்மார்ட்டத்துல எழுதினாங்க, மூணு கிலோமீட்டராச்சும் ரோட்ல இழுபட்ட ஒடம்புன்னு. முதுகெலும்பு தேஞ்சிருந்துச்சு. தோள்பட்ட இல்ல. எங்க காம்பவுண்டு பத்தடிக்கா. பத்தடியில எப்படி மூணு கிலோமீட்டரு? நான்தான் ஓட்டிக் கொன்னேன்னு என்னைப் புடிச்சிட்டுப் போனாங்க."

தட்டும் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று நிர்மலாவுக்குத் தெரியவில்லை.

"அக்கா? லைன்ல இருக்கீங்களா? வண்டி இப்ப எங்க இருக்குது?"

"ரோட்ல."

"உங்க வீட்டுக்காரரு?"

நிர்மலா வண்டியைப் பார்த்தாள். செருப்புகள் இரண்டும் அசையாமல், விரல்கள் வானத்தைப் பார்த்தபடி இருந்தன.

"கீழ படுத்திருக்காரு," என்றாள்.

"அய்யோ தேவ்ரே." கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்ட குரல் உடைந்தது. "காலப் புடிச்சு இழுங்க. கூப்புடாதீங்க. போங்க. போயி இழுங்க!"

அவள் ஓடினாள். ஆபரேஷனுக்குப் பிறகு ஓடியதே இல்லை. ஓடும்போதே அது கேட்டது. வெகு தூரத்தில் போல முதலில். சாலையில் டயர் உரசும் ஓசை, அதைக் கிழித்துக்கொண்டு காற்று. பக்கத்தில் எந்த வண்டியும் இல்லை. சாலை இரண்டு பக்கமும் வெறிச்சென்று கிடந்தது. ஓசை எஸ்யூவிக்கு அடியிலிருந்து வந்தது. அது வேகம் எடுத்துக்கொண்டிருந்தது.

ஆஞ்சப்பனின் கால்கள் துள்ளின.

குதிகால்கள் தாரில் அடித்தன. டக். டக். டக்டக்டக்டக். ஒரு செருப்பு தெறித்துப் பறந்தது. வண்டி அசையவில்லை. சக்கரம் அசையவில்லை. வைத்த கல் வைத்த இடத்தில் இருந்தது. அவனும் இருந்த இடத்தில்தான் இருந்தான். அவனுக்குக் கீழே சாலை மட்டும் ஓடியது.

பிறகு அவன் கத்தினான்.

கல்யாணமாகி இருபத்தோரு வருடத்தில் அவள் அந்தக் குரலைக் கேட்டதில்லை. நிர்மலா தரையில் விழுந்து இரண்டு கணுக்காலையும் பிடித்தாள். ஓடும் மெஷினைப் பிடித்தது போல அவள் பற்கள் கிடுகிடுத்தன. தன் கால்களை பம்பரின் மேல் உதைத்துக்கொண்டு இழுத்தாள். முதுகில் எதுவோ அறுந்தது. இடுப்புக்குக் கீழே நெருப்பு இறங்கியது. விடவில்லை. இழுத்தாள். உள்ளேயிருந்து அவள் முகத்தில் தெறித்தது. சூடாக. உப்பாக. பொடிப்பொடியாகக் கடினமானதும் அதில் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாள். ஒரு சாண். இன்னொரு சாண். அவன் முழங்கால் வந்தது. இடுப்பு வந்தது. உள்ளே எதையோ பிடித்திருந்த அவன் கை விட்டது.

அவன் மொத்தமாக வெளியே வந்து அவள் மேல் விழுந்தான்.

ஓசை நின்றது. தோப்பில் ஒரு குருவி கத்தியது.

அவனுக்கு உயிர் இருந்தது. முகத்தில் ஒரு கீறல் இல்லை. நெற்றியில் கிரீஸ் கூட அப்படியே இருந்தது. முதுகுப் பக்கம் கை வைத்தவள் எடுத்துவிட்டாள். அங்கே சட்டை இல்லை. சட்டைக்குக் கீழே இருக்க வேண்டியதும் இல்லை. விலா எலும்பின் வழுவழுப்பை அவள் விரல்கள் தொட்டிருந்தன. வாசனை, அந்த வாசனை, இப்போது அவன் மேலிருந்தே வந்தது.

"நிர்மலா," என்றான். மெதுவாகப் பேசினான். "உள்ள ஆளுங்க இருக்காங்க புள்ள."

"பேசாத மாமா. பேசாத."

"வரிசையா. எனக்கு எடம் விட்டாங்க."

பின்னால் ஹாரன் கேட்டது. இரண்டாம் ஷிப்டுக்கு ஆள் ஏற்றிய கம்பெனி பஸ். நின்றது. யூனிபார்ம் சட்டையில் இருபது முப்பது பேர் திமுதிமுவென்று இறங்கி ஓடி வந்தார்கள். யாரோ "அய்யோ" என்றார்கள். யாரோ ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார்கள். ஒரு பெண் துப்பட்டாவைக் கழற்றி நீட்டினாள். மனுஷ முகங்கள். மனுஷக் குரல்கள். நிர்மலாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. வண்டியிடமிருந்து அவனைப் பிடுங்கிவிட்டாள். நான்கு பேர் சேர்ந்து அவனைக் கவனமாகத் தூக்கி, எஸ்யூவியைத் தாண்டி முன்னால் கொண்டு வந்து, அகலமாக வெறுமையாக இருந்த சாலை ஓரத்தில் ஒரு தார்ப்பாயில் கிடத்தினார்கள். சுற்றிலும் ஒன்றுமில்லை. மேலே வானம். அவள் அவன் தலைமாட்டில் உட்கார்ந்து அவன் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"பத்து நிமிசத்துல வந்துடும்மா," என்றார் பஸ் டிரைவர்.

ஆஞ்சப்பனின் கால்கள் அசைந்தன.

இரண்டு கால்களும் சேர்ந்து, கணுக்காலில் யாரோ கயிற்றைச் சரிபார்ப்பது போல ஒருமுறை விறைத்து, தளர்ந்தன. அவன் கண்கள் அகலத் திறந்து அவளைப் பார்த்தன.

"விட்டுடாத," என்றான்.

வெடுக்கென்று இழுத்தது.

கால்மாட்டில் நின்ற இரண்டு பேர் இடறி விழுந்தார்கள். தார்ப்பாய் அப்படியே கிடந்தது. அவன் மட்டும் போனான். கையைப் பிடித்திருந்த நிர்மலாவும் கூடவே போனாள். வயிறு தாரில் தேய்ந்தது. தாடை அடிபட்டது. பின்னால் ஆட்கள் கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். அவனுக்கு முன்னால் எதுவும் இல்லை. வண்டி இல்லை. கயிறு இல்லை. ஆள் இல்லை. வெறும் சாலை. அது வேகம் எடுத்தது. அவன் விரல்கள் அவள் விரல்களுக்குள் இருந்தன. முழங்கையில் தோல் போனது. முட்டியில் போனது. அவன் முகம் ஒரு முழத் தூரத்தில் அவளையே பார்த்தது.

அவள் விரல்களைத் திறந்தாள்.

வழுக்கவில்லை. யாரும் பிரிக்கவில்லை. அவள்தான் திறந்தாள்.

பின்னால் ஓடிவந்தவர்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். நிர்மலா சாலை நடுவில் முகத்தைத் தூக்கிப் பார்த்தாள். சாவி அவள் முந்தானை முடிச்சில் இருந்தது. எஸ்யூவி தூரத்தில் கல் வைத்த இடத்திலேயே நின்றிருந்தது. ஆஞ்சப்பன் போய்க்கொண்டிருந்தான். மல்லாந்து, கால் முன்னாக, சாலையின் இடப்பக்கமாக, கர்நாடகம் போகிற திசையில். அவனுக்குப் பின்னால் தார் மேல் ஈரமான சிவப்புப் பட்டை ஒன்று விரிந்துகொண்டே போனது. எதிரே வந்த ஒரு மோட்டார் சைக்கிள்காரன் விலகி வழி விட்டான். வளைவு வந்ததும் வேகம் குறைந்தது. பழகிய டிரைவர் ஒருவன் பாரம் ஏற்றிய வண்டியைத் திருப்புவது போல, அவசரமில்லாமல், ஒழுங்காக, அவன் உடல் இடது ஓரமாகவே வளைவில் திரும்பியது. தலைக்கு மேலே நீண்டிருந்த கைகள் இரண்டும் கடைசியாகத் திரும்பின, விரல்கள் இன்னும் அவள் பக்கமாகத் திறந்தபடி.